தைலம் மணக்கும் மல்லி

மாப்பிள்ளை கனடாவில் மல்லி பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். அம்மா அதைப் பூவென்று எடுத்துக்கொண்டாள். அப்பா, "கொத்தமல்லியாத்தான் இருக்கும். பூவுக்கெல்லாம் யாரு பி.எச்.டி. குடுப்பாங்க?" என்றார். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இரண்டில் எதுவானாலும் சம்மதம்.

கல்யாணமாகி மான்ட்ரியல் வந்த முதல் சனிக்கிழமை, வில்லரே பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ, பிறகு பஸ் என்று இவர் கல்லூரி இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை அலுக்க அலுக்கப் போனோம். செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் தைல வாசனை மூக்கில் ஏறியது. தொட்டிகளில் நின்றவை யூகலிப்டஸ் கன்றுகள். அதிலும் ஊட்டியில் பார்ப்பதுபோல நெடுநெடுவென்று இல்லை. ஒவ்வொன்றும் அடியிலிருந்தே நாலைந்து குச்சிகளாகப் பிரிந்து, தலைகீழாக நிறுத்திய துடைப்பம் மாதிரி இருந்தது.

"மல்லி எங்கேங்க?"

"இதுதான். ஆஸ்திரேலியாவுல இந்த மாதிரி மரத்துக்கு மல்லின்னுதான் பேரு."

அங்கே மழை குறைந்த சீமையில் மைல் கணக்காக இவைதான் காடாம். நிழல்கூட ஒழுங்காக விழாதாம். இவர் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லை; பேராசிரியர் விதை கொடுத்தார், அவ்வளவுதான். பார்க்காத காட்டுக்காக மனுஷன் இந்தப் பனியில் கிடக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில் கொட்டகையைச் சூடாக வைக்கும் பாய்லர் நின்றுபோனது. நாங்கள் போனபோது இலைகளெல்லாம் கருகித் தொங்கின. பாய்லரைப் பார்க்க வந்தவர் என்னிடம் செடிகளைக் காட்டிக் கையை விரித்து, "மோர், மதாம்" என்றார். செத்துவிட்டது என்பதற்கு பிரெஞ்சில் அதுதான் சொல். மல்லி மல்லியில்லை, மோர் மோரில்லை, என்ன ஊரோ!

செடி போனால் ஆராய்ச்சி போச்சு. ஆராய்ச்சி போனால் சென்னைக்குத் திரும்ப வேண்டியதுதான். இவர் சாப்பாட்டைத் தொடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம், வெட்கமே இல்லாத சந்தோஷம். பெட்டியில் எந்தப் புடவையை மேலே வைப்பது என்றுகூட யோசித்தேன்.

இவர் குச்சிகளை ஒட்ட வெட்டிவிட்டு, மொட்டைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"மண்ணுக்குள்ள கிழங்கு மாதிரி ஒரு முண்டு இருக்கு. காடே எரிஞ்சாலும் அதுலேர்ந்து துளிர்க்கும்."

களைத்துப்போனவரிடம் என்ன வாதாடுவது? நானும்தான் களைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் அதே மெட்ரோ, அதே பஸ், அதே வாளி.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, ஓரத்துத் தொட்டியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தேன். மண்ணை ஒட்டிக் கொத்தாக முளைகள். அடுத்த தொட்டியிலும். அதற்கடுத்ததிலும். இவர் அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் சொல்லாவிட்டாலும் பார்க்கத்தான் போகிறார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

"என்னங்க," என்றேன். "நாம ஊருக்குப் போகல."