கடைசி ஆளும் சிவப்புப் போத்தல்களும்

அந்த வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அத்தான். கட்டாரில் லொறி ஓட்டுகிறவர், லீவில் வந்திருந்தார். அக்கா, அவருடைய பெண்சாதி. நான், அக்காவின் தம்பி, மேசன் வேலை. கூட்டாளி ஒருவன். என்னோடு சாந்து குழைக்க வந்து பழகியவன். ஊர் வாவிக்கு அங்கால், வவுணதீவுப் பக்கம். வயலும் மாடும் உள்ளவன். அங்கே செல் குண்டு விழத் தொடங்க, சனமெல்லாம் வாவியைக் கடந்து இங்கால வந்தது. அவனும் ஒரு உரப்பையோடு வந்து எங்களோடு தங்கினான். ஐந்தாவது ஆள் டீவிக்குள் இருந்தான்.

வீடு சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடு. பூச்சு வெடித்திருக்கும். அது நான் பூசியதில்லை.

வேலை கிடையாது. சீமெந்து வந்தால் மண் வராது. மண் வந்தால் ரோட்டைப் பூட்டிவிடுவார்கள். வெளியே போனால் ஆமியின் ரவுண்டப்பில் அகப்பட்டு நாள் முழுக்க வெயிலில் இருக்க வேண்டும். ஆனபடியால் வீட்டுக்குள் இருந்தோம். அத்தான் கொண்டுவந்த கேம் பெட்டி இருந்தது.

டிஸ்க் கள்ளக் கொப்பி. அதில் இருந்த எழுத்து யப்பானோ சீனாவோ தெரியாது. எனக்குத் தமிழே எட்டாம் வகுப்போடு சரி. மேலிருந்து மூன்றாவது வரி மருந்து, ஐந்தாவது வரி சாமான், கடைசி வரியை அமத்தினால் எல்லாம் அழிந்துவிடும். இதை அழித்துத்தான் படித்தோம்.

கட்டாரில் அத்தானின் அறையில் ஒருவன் இந்த விளையாட்டை விளையாடியிருக்கிறான். அத்தான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். பெரிய கதவு ஒன்று. அதற்கு முன்னால் ஒருவன் நிற்பான். அவனை விழுத்துவதற்கு முதல் அந்தப் பொடியனை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அத்தானுக்குக் கதவுக்கு அங்கால் என்ன என்று தெரியாமல் போயிற்று.

"அதப் பாக்காம நான் பிளேன் ஏற மாட்டன் மச்சான்" என்றார்.

"ஏறாட்டி நல்லதுதானே" என்றா அக்கா.

வியாழக்கிழமை பின்னேரம் அவருக்குக் கொழும்பு பஸ். போனால் இரண்டு வருசம். அவர் தானே விளையாட மாட்டார். லொறி ஸ்டியரிங் பிடித்த கை அந்தச் சின்னப் பட்டனில் நிற்காது. நான் விளையாட வேண்டும், அவர் பார்க்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கதவு காத்தவனை நாங்கள் கடைசி ஆள் என்று சொல்லுவோம். கூரை உயரம். தலையில் இரும்புத் தொப்பி. கையில் தூண் மாதிரி ஒரு சுத்தியல். மூன்று அடி அடிப்பான். பிறகு நின்று மூச்சு வாங்குவான். அந்த நேரம் இரண்டு வெட்டு வெட்டலாம். மூன்றாவது வெட்டுக்கு ஆசைப்பட்டால் சாவுதான். அவனுடைய உயிர்க்கோடு பாதிக்கு இறங்கினால் சுத்தியலை எறிந்துவிட்டு வாயால் நெருப்பு விடுவான். செத்தால் படி ஏறி, பாலம் தாண்டி, நாய்கள் இரண்டைக் கொன்று, திரும்பவும் கதவடிக்கு வர வேண்டும். அந்த நாய்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

அத்தான் சொன்னது அம்பு. "எட்ட நிண்டு விடு மச்சான். கிட்டப் போகாத."

எட்ட நின்றேன். அவன் ஒரு பாய்ச்சலில் வந்து தலையில் போட்டான். திரும்பவும் படி, பாலம், நாய்.

"இன்னும் எட்ட நில்லு."

"இதுக்கு மேல எட்ட நிண்டா ரோட்டில நிண்டுதான் விளையாடணும்."

கூட்டாளி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"மேசன், நீ மாட்டுக்குப் பால் கறந்திருக்கியா?"

"இல்ல."

"அதான். எட்ட நிக்கிறவனுக்குத்தான் உத விசையா விழும். தொடையோட ஒட்டி நில்லு. உதைக்க அதுக்கு இடமில்ல."

கடைசி ஆளின் இடது காலோடு ஒட்டி நின்றேன். சுத்தியல் எனக்குப் பின்னால் விழுந்தது. அடிபட்டாலும் முன்னைப்போல் முழு உயிரும் போகவில்லை. முதல் தடவையாக அவனுடைய கோடு பாதிக்கு வந்தது. அத்தான் கட்டிலை விட்டு எழும்பி நின்றார். அந்த நேரம் வாவிக்கு அங்கால செல் அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா அரித்துக்கொண்டிருந்த அரிசியைக் கொட்டிவிட்டா. நான் திரும்பிப் பார்த்தேன். நெருப்பில் செத்தேன்.

"அது நமக்கில்ல" என்றார் அத்தான்.

"அது எங்கட ஊர்ப் பக்கம்" என்றான் கூட்டாளி.

இனி மருந்து விசயம். சிவப்புப் போத்தல். ஒன்று குடித்தால் நம்முடைய உயிர்க்கோடு நிரம்பும். வழியெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி அறுபதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தோம். ஒன்றும் குடிக்கவில்லை. அக்கா விடமாட்டா.

அக்காவின் கட்டிலுக்குக் கீழே இரண்டு தகரப் பெட்டி. நூடுல்ஸ், பிஸ்கற், சவர்க்காரம், மெழுகுதிரி, காய்ச்சலுக்குப் பனடோல். கடல் வந்து போன பிறகு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அங்கே பிடித்த பழக்கம். யாரும் தொட ஏலாது. பிஸ்கற் மாவாகிவிட்டது. அதையும் தொட ஏலாது. டீவிக்குள் இருந்த போத்தலுக்கும் அதே சட்டம்.

"வச்சிக்கொள்ளு தம்பி. பின்னுக்கு என்ன வருமெண்டு தெரியுமா?"

"பின்னுக்கு ஒண்டும் வராதுக்கா. இவன்தான் கடைசி."

"கடைசி எண்டு ஆர் எழுதித் தந்தது? உங்களுக்கு அந்த எழுத்தும் தெரியாதே."

உண்மையைச் சொன்னால் எனக்கும் கை போகாது. போத்தலுக்கு நேரே போய், அடுத்த தடவை பார்ப்போம் என்று திரும்பிவிடுவேன். பை நிறைய மருந்தோடு செத்துக்கொண்டிருந்தேன். கூட்டாளிக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"டேய் மேசன், அறுவத்தஞ்சு போத்தல வச்சிக்கொண்டு சாகிறவன் நீ ஒருத்தன்தான். எங்கட வீட்டில முப்பது மூட நெல்லு இரிக்கு. போன போகத்து நெல்லு. விக்காம வச்சம். இப்ப ஆர் திங்கிறானோ தெரியா. நான் இஞ்ச அக்காட சோத்தத் திண்டுட்டு இருக்கன். குடிடா."

அக்கா எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டா.

நான் அன்றைக்கும் குடிக்கவில்லை. மடத்தனம்தான்.

புதன்கிழமை காலோடு ஒட்டி நின்று, நெருப்புக்கு ஒதுங்கி நான் வெட்ட, அவனுடைய கோடு நகக்கண் அளவுக்கு வந்தது. கரண்ட் போனது. மூன்று பேரும் கறுத்த டீவியைப் பார்த்தபடி இருந்தோம். அத்தான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவர் வழக்கமாகச் சொல்லாதவர்.

வியாழன் வந்தது. மத்தியானம் அக்கா இறால் காய்ச்சி வைத்திருந்தா. வாசலில் பை கட்டிக் கிடந்தது. திரீவீலருக்குச் சொல்லியாயிற்று. அத்தான் புதுச் சேர்ட்டோடு கட்டில் நுனியில் இருந்தார். படி, பாலம், நாய். கதவடி.

"சோறு ஆறுது" என்றா அக்கா.

"இந்தா முடியிது."

"நாலு நாளா இந்தா முடியிது."

முதல் பாதி சரியாகப் போனது. நெருப்பு தொடங்கியதும் என்னுடைய கோடு மடமடவென்று இறங்கிற்று. நான் வழக்கம்போல் பின்னுக்கு வரப் பார்த்தேன். அக்கா கையில் அகப்பையோடு வந்து டீவிக்குப் பக்கத்தில் நின்றா. அத்தானின் முகத்தைப் பார்த்தா.

"குடிச்சித் துலை" என்றா.

"என்னக்கா?"

"குடி எண்டன். மனுசன் திண்டுட்டுப் போகட்டும்."

குடித்தேன். வெட்டினேன். நெருப்பு பட்டது. குடித்தேன். இனி ஒதுங்கவும் இல்லை. நெருப்புக்குள் நின்று குடித்துக் குடித்து வெட்டினேன். ஒவ்வொரு போத்தலுக்கும் அக்கா "ச்" என்றா. கூட்டாளி சிரித்தான். அவன் வந்ததிலிருந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசி ஆள் முழங்காலில் விழுந்தான். பிறகு குப்புற விழுந்தான்.

அத்தான் என் முதுகில் தட்டினார்.

"மருந்து எத்தின மிச்சம்?" என்று அக்கா கேட்டா.

மூன்றாவது வரியைத் திறந்து பார்த்தேன். "ரெண்டு."

"ரெண்டா?"

"இனி ஆருக்கு மருந்து" என்றார் அத்தான். "முடிஞ்சிதானே. கதவத் திற மச்சான்."

வெளியே திரீவீலர் ஹோர்ன் அடித்தது. அத்தான் பையைத் தோளில் போட்டபடியே வந்து நின்றார். சோறு தின்ன நேரமில்லை. கதவு மெல்லமாகத் திறந்தது.

அங்கால் ஒரு நீளமான மண்டபம். இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் இரும்புத் தொப்பியோடு ஒருவன் நின்றான்.

அத்தான் விரலை நீட்டி எண்ணினார். ஹோர்ன் திரும்பவும் அடித்தது. அவர் முதலிலிருந்து எண்ணினார்.

ஒன்பது.