என் உயரத்துக்கு ஒரு காடு

நான் குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிழக்கு மலையில் ஒரு காடு உருவானதே அதனால்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில், எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று படம் போடும் ஆபீஸ் ஒன்றில் எனக்கு வேலை. கடலோரம் தென்னை, நடுவில் மரவள்ளியும் ரப்பரும், மலை ஏற ஏறத் தேயிலை, அதற்கும் மேலே காடு. ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து சைக்கிளில் போய் நாளெல்லாம் உட்கார்ந்து கலர் அடிப்பேன். தேயிலைக்கு இளம்பச்சை, காட்டுக்குக் கரும்பச்சை. எங்கள் ஆபீஸ் விதிப்படி, ஆள் உயரத்தைத் தாண்டி அடர்த்தியாக வளர்ந்ததெல்லாம் காடு. எந்த ஆள் என்பதை விதி எழுதிய புண்ணியவான் சொல்லவில்லை.

போனக்காட்டுப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தை முதலாளி அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். வெட்ட ஆளில்லாத தேயிலை தன் பாட்டுக்கு வளர்ந்தது. எங்கள் ஆபீசர் என்னை அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். செடி என் தலைக்கு மேலே ஒரு சாண் நின்றது. காடு என்று எழுதிக்கொண்டார்.

அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு அம்மா இருந்தார். பாட்டன் காலத்தில் திருநெல்வேலியிலிருந்து மலையேறிய குடும்பம். அவருடைய மகளை முதல் பிரசவத்துக்கு நாற்காலியில் உட்காரவைத்துத்தான் கீழே தூக்கிப் போனார்கள். பாதை அப்படி. குழந்தை தங்கவில்லை. மகள் இப்போது மறுபடியும் மாசமாக இருந்தாள். இந்தத் தடவை வாசலுக்கு ஜீப் வந்தே ஆக வேண்டும் என்று அந்த அம்மா ரோட்டுக்கு மனு கொடுத்திருந்தார். காடு என்று எழுதிவிட்டால் ரோடு கிடையாது.

"இந்த சார் குள்ளமா இருந்தா அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும் சாரே?" என்று ஆபீசரைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. லயத்திலேயே நெட்டையான ஆளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து செடிக்குப் பக்கத்தில் நிறுத்தியும் காட்டினார். அளவு எடுத்தாகிவிட்டது, இனி மறு ஆய்வில் பார்க்கலாம் என்றார் ஆபீசர்.

மறு ஆய்வுக்குப் போனால், லயமே கூடி அத்தனை தேயிலையையும் கவாத்து செய்து இடுப்பளவுக்கு வெட்டி வைத்திருந்தது. அவர்கள் தொழில் அது, என்ன அழகாக வெட்டியிருந்தார்கள்! ஆபீசர் மலையைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார், படத்தை நம்பினார். காட்டை அழித்துவிட்டார்கள் என்று எழுதினார். அந்தச் செடியின் இலையை வறுத்துப் போட்ட கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டேதான் எழுதினார். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கிளாஸும் கேட்டு வாங்கினார்.

அழிந்த காட்டை விசாரிக்க ஆபீசிலிருந்து ஜீப் போக வேண்டும், பாதையோ மோசம். ரோடு கேட்ட மனு மேஜையில் கிடக்க, விசாரணைக்காகக் குழிகளை அடித்துப்பிடித்து நிரப்பினார்கள். எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் சொல்ல?

விசாரணை அன்று ஜீப் லயத்து வாசலிலேயே போய் நின்றது. நான் பின்சீட்டில், சாட்சியாக. காட்டை வெட்டியது யார் என்று ஆபீசர் மலையாளத்தில் கேட்டார். அந்த அம்மா உள்ளே போய், இடுப்புவலி கண்டிருந்த மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஜீப்பில் ஏற்றினார்.

"நான்தான் வெட்டுனேன், எழுதிக்கோங்க. கையெழுத்த கீழ விதுரா ஆஸ்பத்திரில வச்சுப் போடுறேன்."

ஆபீசர் முன்சீட்டில் ஏறினார். வழியெல்லாம் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பெண் குழந்தை. நன்றாக வீறிட்டு அழுதது. அந்த அம்மா சொன்னபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேத்தியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார்.

"நீங்க மட்டும் நெட்டையா இருந்திருந்தா இந்த வண்டி வந்திருக்காது சாரே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேஸ் அதன் பாட்டுக்கு நடந்தது.