கொச்சி அட்டவணையின் பதினேழாவது வரி

பழுது கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ஜொகூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். ஒரு மின்சுற்றுப் பலகைக்கு உரிய விவரம் குறைந்தால் 'நிராகரி' என்ற பொத்தானை அழுத்துவேன். பலகை வரிசையை விட்டுப் போய்விடும். அதற்காக யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. இதே முறையில் ஒரு குடும்ப விடுமுறையையும் திட்டமிட்டுவிடலாம் என்று நான் நம்பியதற்கு என் படிப்பைக் குறை சொல்ல முடியாது.

இடம் கொச்சி. ஐந்து நாள். அம்மாவுக்காக.

அம்மா இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊரான தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். காலை பத்து மணியிலிருந்து நின்றுகொண்டே. கடையில் நாற்காலிகள் உண்டு, வாங்க வருகிறவர்களுக்கு. அம்மா இதுவரை மூன்று முறை இந்தியா போயிருக்கிறார்: ஒரு கல்யாணம், ஒரு காரியம், ஒரு நேர்த்திக்கடன். எதற்குமே பயன்படாத பயணம் ஒன்றாவது அவருக்கு அமைய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சாப்பாட்டு மேசையில் அறிவித்தபோது முதல் ஆட்சேபம் அப்பாவிடமிருந்து வந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த ஊரையும் எத்தனை மணி நேரம் என்றுதான் அளப்பார்.

"கொச்சியில என்ன இருக்கு?"

"கடல் இருக்கு. பழைய தேவாலயம், கோட்டைத் தெரு, அந்தக் காலத்து வீடுங்க."

"யாரு கட்டினது?"

"மொதல்ல போர்த்துக்கீசியன், அப்புறம் டச்சுக்காரன், அப்புறம் இங்கிலீஷ்காரன்."

"அலமாக்! அதே மூணு பேரு, அதே வரிசை. மலாக்கா முக்கால் மணி நேரம்லா. பாஸ்போர்ட்டு கூட வேணாம்."

வரலாற்றின்படி அப்பா சொன்னதில் பிழையில்லை. அந்த மலாக்காவுக்கு அம்மாவை அவர் கடைசியாக அழைத்துப்போனது லாரிக்கு டயர் மாற்ற. அம்மா டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோட்டை எந்தப் பக்கம் என்றுகூட அன்று யாரும் கேட்கவில்லை.

இணையத்தில் எல்லாரும் பார்க்கக்கூடிய ஓர் அட்டவணை தயாரித்தேன். நாள், இடம், நேரம், செய்ய வேண்டியது, குறிப்பு. பிறகு, தொழிற்சாலையில் செய்திருந்தால் என் வேலை போயிருக்கும் ஒரு காரியத்தைச் செய்தேன். குடும்பத்தில் எல்லாருக்கும் அதைத் திருத்தும் உரிமையைக் கொடுத்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இந்தியாவுக்குப் போகிறவர் தனக்காகப் போவதில்லை. சீட்டு எடுத்த செய்தி கசிந்ததும் ஒருவர் வீட்டுக் கல்யாணச் சேலை, இன்னொருவர் முடிந்துவைத்த காணிக்கை, முகம் தெரியாத சொந்தங்களுக்கு பிஸ்கட் டின் என்று எல்லாம் அந்தப் பெட்டியில் ஏறிவிடும். இந்த முறை பெட்டியோடு பெரியம்மாவும் ஏறினார். அம்மாவின் அக்கா. சிம்பாங் ரெங்கத்தில் இருக்கிறார். மகளுக்குத் தை மாதம் கல்யாணம். "நானும் வரேன்டி, துணைக்கு" என்றார். யாருக்குத் துணை என்று அவர் விளக்கவில்லை.

மறுநாள் அட்டவணையில் காஞ்சிபுரம் முளைத்தது. அதற்கு மறுநாள் பழனி. குறிப்பில் 'போற வழி' என்று இருந்தது. தொலைபேசியில் அழைத்தேன்.

"பெரியம்மா, கொச்சியிலேர்ந்து காஞ்சிபுரம் போக ராத்திரி முழுக்க ரயில்ல ஒக்காரணும்."

"மேப்புல ஒரு வெரக்கடைதான் கண்ணு. நான் பாத்துட்டேன்."

"சேலைய இங்கேயே எடுக்கலாமே. அம்மா கடையிலேயே இருக்கு."

"ஒங்கம்மா கடையில எடுத்தா ஊருல எல்லாருக்கும் வெலை தெரியும். அங்க போனா ஒங்கம்மா தொட்டுப் பாத்தே சொல்லிடுவா, எது பட்டு எது டூப்புன்னு. அவ இருக்கறப்ப எனக்கு என்ன கவலை?"

ஆக, துணியிடமிருந்து ஐந்து நாள் விடுப்பு எடுக்கும் என் அம்மா, அந்த ஐந்து நாளில் நான்கு துணிக்கடைகளில் நிற்கப்போகிறார். அம்மாவிடம் சொன்னேன். "பரவால்லடி, அக்கா வீட்டுக் கல்யாணம்" என்று பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினார்.

இரண்டு வாரத்தில் அட்டவணை அறுபத்தொரு வரியானது. கொச்சிக்கு அதில் அரை நாள் மிஞ்சியிருந்தது, விமான நிலையத்தையும் சேர்த்து. நான் கோபப்படவில்லை, ஆதாரம் திரட்டினேன். யார், எப்போது, எதை அழித்தார்கள் என்று காட்டும் திருத்த வரலாற்றைத் திறந்தேன். பெரியம்மாவின் குற்றப்பட்டியலை வண்ணத்தில் அச்செடுப்பதாகத் திட்டம். படகுச் சவாரி: பெரியம்மா. தேவாலயம்: பெரியம்மா, 'நமக்கு எதுக்கு' என்ற குறிப்போடு. மகிழ்ச்சியாகக் கீழே கீழே போனேன்.

அடியில், முதல் நாள் பதிவுகளில், பதினேழாவது வரி. சேர்த்தவர்: அம்மா. நாள் காலி. இடம் காலி. நேரம் காலி. செய்ய வேண்டியதில் மட்டும் இரண்டு சொல்: 'கடல். ஒக்காரணும்.'

நான்கு நிமிடத்தில் அது அழிக்கப்பட்டிருந்தது. அழித்தவர்: நான். குறிப்பு: 'விவரம் போதாது.' மதிய இடைவேளையில், முழுமையில்லாத பதினொரு வரிகளை ஒரே மூச்சில் நிராகரித்திருக்கிறேன். யாருடையது என்றுகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு திறமை.

ஞாயிறு காலை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அட்டவணையில நீங்க ஒண்ணு போட்டிருந்தீங்களாம்மா?"

"அதுவா? சாப்பாட்டு நேரத்துல போன்ல நானாவே போட்டேன். எழுத்து சரியா வந்துச்சா?"

"வந்துச்சு. அழிச்சது யாருன்னு தெரியுமா?"

"நீதான். பேரு போட்டிருந்துச்சே." ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "எந்த எடம், எத்தனை மணின்னு நான் போடலல்ல. நீ சரியாத்தான் செஞ்ச."

உள்ளே போய் வரியை மீட்டேன். இடம்: கொச்சிக் கோட்டைக் கடற்கரை நடைபாதை, மீன்வலைகளைத் தாண்டி உள்ள பெஞ்சு. நேரம்: மாலை நாலரை. நாள்: எல்லா நாளும். முடியும் நேரம்: அம்மா எழுந்திருக்கும்போது. பிறகு மற்ற அறுபத்தொரு வரிகளையும் அழித்தேன். அம்மாவைத் தவிர எல்லாருடைய திருத்தும் உரிமையையும் எடுத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி.

"ஏன் கண்ணு, இது எழுத மாட்டேங்குது? எங்கடி என் காஞ்சிபுரம்?"

நான் தயாரித்து வைத்திருந்த மூன்று காரணங்களில் முதலாவதைத் தொடங்குவதற்குள், அம்மா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"அக்கா, நான் காஞ்சிபுரம் வரல."

"நீ வரலன்னா சேலைய யாருடி பாப்பா?"

"கடையில ஒருத்தி நின்னுக்கிட்டே இருப்பா. அவளக் கேளு. அவளுக்குத் தெரியும்."

பெரியம்மா காஞ்சிபுரத்தை விட்டுவிட்டு அடுத்த சரக்குக்குத் தாவினார். "அப்ப பிஸ்கட் டின்னு?" என்று கேட்டார்.

"நீ போறப்ப நீயே கொண்டு போ" என்றார் அம்மா.

பெரியம்மா இப்போது வேறொரு குழுவோடு காஞ்சிபுரம் போகிறார். எங்களோடு பேசுவதில்லை; ஆனால் தினமும் அப்பாவைக் கூப்பிட்டு, பேசுவதில்லை என்பதைத் தெரிவிக்கிறார்.

மூன்று சீட்டு எடுத்தேன். மறுநாள் பதினேழாவது வரியில் அம்மா ஒரு கேள்வி போட்டிருந்தார்: 'பெஞ்சுல முதுகு சாய எடம் இருக்கா?' இரண்டு நாள் ஊர்ப்பட்ட பயணிகளின் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, 'இருக்கு' என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் செய்த மிக முக்கியமான சோதனை அதுதான் என்று மேலாளரிடம் சொல்லவில்லை.

நேற்று குறிப்புக் கட்டத்தில், முன்பு நான் 'விவரம் போதாது' என்று எழுதிய அதே இடத்தில், இன்னொரு வரி வந்திருந்தது: 'அப்பா வரலாம். மலாக்கா பத்திப் பேசக்கூடாது.'

அப்பாவுக்குத் திருத்த உரிமை இல்லை, படிக்க உண்டு. படித்துவிட்டார் போலிருக்கிறது. நேற்று முழுவதும் வீட்டில் யாரும் 'முக்கால் மணி நேரம்' என்று சொல்லவில்லை.