டேப் அக்காவும் காணாமல் போன எட்டு மில்லிமீட்டரும்

இரும்புப் படிக்கட்டுப் பட்டறையில் வரைபடம் போடும் அந்த அம்மையாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி அவர் டேப் அக்கா. இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சொன்ன அளவை டேப் வைத்துப் பார்த்த பிறகே நம்புகிறவர். வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தபோது, வாசலை அளந்து முடிக்கும் வரை அதையும் கணவரையும் தெருவில் நிற்க வைத்தவர்.

நினைத்த நேரத்தில் உறைந்துபோகும் பழைய மென்பொருளுக்கு ஓய்வு கொடுத்து, முதலாளி புதியதொன்று வாங்கினார். அதற்கு அவர் காட்டிய மரியாதை புது மாப்பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. இனி யாரும் டேப்பை எடுத்து அதை அவமதிக்கக் கூடாது, எடுத்தால் வரைபட நாற்காலி தன் மைத்துனருக்கு, அக்கா சாமான் அறைக்கு என்று அறிவித்தார்.

முதல் வேலை, பல் மருத்துவர் ஒருவரின் மாடிக்குச் சுழல் படிக்கட்டு. உயரம் மூவாயிரம் மில்லிமீட்டர், பதினேழு படி. நடுக்குழாயில் படியும் வளையமுமாக மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். ஒரு படியும் வளையமும் சேர்ந்து 176 என்றது பிரிண்ட். வெல்டர் அப்படியே வெட்டிவிட்டார். மறுநாள் காலை மாட்ட வேண்டும்.

சாப்பாட்டு வேளையில் அக்காவின் கை சும்மா இருக்காமல் பெருக்கிப் பார்த்தது. 2992 வந்தது. நாற்காலியை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு எழுந்து போய், எல்லாவற்றையும் கோத்துக் காட்டச் சொன்னார். முதலாளியும் வந்து நின்றார். அவர் கண்ணெதிரே டேப் வெளியே வந்தது. எட்டு மில்லிமீட்டர் குறைந்தது.

"அப்ப சாஃப்ட்வேர் பொய் சொல்லுதாம்மா?" என்றார் முதலாளி, மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பதைக் கேள்விப்பட்ட மாமனார் குரலில்.

"இல்ல சார். உள்ள 176.47னு சரியாத்தான் வச்சிருக்கு. தசமம் வேண்டாம்னு செட்டிங் இருக்கு, அதான் நம்மகிட்ட சொல்லும்போது பின்னத்தை முழுங்கிடுது. கேட்டா முழுசா சொல்லும். நாமதான் கேக்கல."

"பல் டாக்டர் படிக்கட்டுலயே இடைவெளியா? அடைச்சிடலாம்க்கா," என்றார் வெல்டர்.

அரை மில்லிமீட்டர் வாஷர் பதினாறு. மறுநாள் மேல்படி மாடித் தரையோடு மட்டமாக நின்றது.

மைத்துனரைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. திரையில் தசமம் இரண்டு இலக்கமானது. வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் முதலாளி இப்போது பெருமையாகச் சொல்கிறார்: "நம்மகிட்ட ரெண்டு சாஃப்ட்வேர் இருக்கு சார். ஒண்ணு கரண்ட் போனாலும் ஓடும்."