பேராயரின் இடுப்பளவு

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். நால்வரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஒருவருக்கும் பொத்தான் தைக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் ராஜபாளையத்தில் இஞ்ச் டேப்பை என்னைப்போல் படிக்க ஆள் கிடையாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேவாலயத்துக்கு இளம் உதவி குரு ஒருவர் வந்தார். வெள்ளை அங்கி தைக்க என்னிடம் துணி கொடுத்தார். இடுப்பு இருபத்தெட்டு. நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை. அங்கியைக் கண்டதில்லை, நைட்டி மாதிரி வெட்டிவிட்டேன். போட்டுப் பார்த்தவர், "நல்லா காத்தோட்டமா இருக்குக்கா" என்றார். ஈஸ்டருக்கும் அதையே போட்டார். அதன்பின் எந்த ஊருக்கு மாற்றினாலும் அங்கி என்னிடம்தான்.

பல சபைகளைக் கவனிக்கும் சேகரத் தலைவரானபோது இடுப்பு முப்பத்து நான்கு. பேராயரானபோது நாற்பது. எல்லாப் பேராயர்களுக்கும் மேலே பிரதமப் பேராயரானபோது நாற்பத்து நான்கு.

"பதவி கூடக் கூட துணியும் கூடுதே ஐயா?"

"போற ஊர்லெல்லாம் பிரியாணி போடுதாவக்கா. வேண்டாம்னா சங்கடப்படுவாவ."

சென்ற ஆண்டு, ஓய்வுபெறும் விழாவுக்குப் புது அங்கி தைக்க வந்தார். டேப்பைப் போட்டேன். முப்பத்தெட்டு. மறுபடியும் போட்டேன். முப்பத்தெட்டுதான்.

"மிச்சம் ஆறு இஞ்ச் எங்க ஐயா?"

"காலைல நடக்கேன்."

"நடந்தா வயிறு குறையும். தோளெலும்பு வெளிய வராது. டாக்டர்ட்ட காமிச்சியளா?"

டிரைவர் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்: "பொறவு பாத்துக்கிடலாம்க்கா. இப்பச் சொன்னா விழாவ நிறுத்திருவாவ. அம்புட்டு பேர் வாராவ. பழைய அளவுக்கே தைங்க. உள்ள பஞ்சு வச்சா தெரியாது."

தலையணைக்குத்தான் நான் பஞ்சு வைப்பேன். டேப்பைச் சுருட்டினேன்.

"மொதல்ல டாக்டர் சீட்டு. பொறவுதான் துணிய வெட்டுவேன்."

"பிரதமப் பேராயர்ட்ட இப்படியா பேசுவாவ?"

"வேற யாரும் பேசமாட்டாவ. அதான் நான் பேசுதேன்."

கோபத்தில் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. ஐந்தாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவரே போன் செய்தார். வயிற்றில் கட்டி. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் கை வைத்திருக்க முடியாதாம். விழா தள்ளிப்போனது. அவர் தேறிவிட்டார்.

இப்போது விழா மலருக்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். பஞ்சு விஷயத்தையும் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா" என்றார்.

எழுதிவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இத மொதல்ல இருந்து வாசி. ஐயா சொன்னது ஒண்ணும் விட்டுப்போயிருக்கக் கூடாது."