மாமாவுக்குக் கொடுத்த மஞ்சள் பூ

பாசல் நகரத்துக் கார்னிவல் ஊர்வலத்தில் முகமூடிக்காரன் ஒருத்தரைக் கேலி செய்தால், அவரைத் தன் ஆளாக நினைக்கிறான் என்று அர்த்தம். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குத்தான் பூக் கொடுப்போம்.

என் தாய்மாமா நிக்லாஸ் ஓவிய மியூசியத்தில் காவலர். கார்னிவலில் எங்கள் குழுவோடு குழல் ஊதியவர். நுரையீரல் கெட்டதும் டாக்டர் குழலைத் தொடக்கூடாது என்றுவிட்டார்.

போன வாரம் மியூசியத்துக்குப் போனேன், ஓவியத்துக்காக இல்லை, ஹீட்டருக்காக. செத்துக் கிடக்கும் ஏசுவின் படத்துக்குப் பக்கத்தில் மாமா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டுல எது படம், மாமா?"

"இருமுறது நான். படத்துக்குக் கிட்டப் போகாத, அலாரம் அடிக்கும்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "திங்கக்கிழமை ஊர்வலத்துல ரோட்டோரமா நிப்பேன். நம்ம பசங்க என்னைய நல்லா கிழிப்பானுங்கல்ல?"

"தோலை உரிச்சிருவானுங்க."

திங்கட்கிழமை பெரிய மூக்கு முகமூடியோடு எங்கள் குழுவின் ஊர்வல வண்டிமேல் நின்றேன். மாமா புதிதாகச் சவரம் செய்துகொண்டு தெருவோரம் காத்திருந்தார். அவரைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். நோயாளியைப் போய் எப்படி என்று நினைத்திருப்பார்கள். எங்கள் குழுவின் ஃபிரிடோலின் வண்டியிலிருந்து குனிந்து, ஒரு கொத்து மஞ்சள் மிமோசாப் பூவை மரியாதையாக அவர் கையில் வைத்தான்.

எனக்குத் தாங்கவில்லை. குரலை மாற்றிக்கொண்டு, "யோவ் காவக்காரா, ஏசுவைத் தனியா விட்டுட்டு வந்துட்டியே, எழுந்து ஓடிரப் போறாரு!" என்று கத்தி, அவர் தலையில் காகிதத் துணுக்குகளைக் கொட்டினேன்.

மாமா அண்ணாந்து பார்த்தார். "நீ வீட்டு ஆளு. நீ கேலி பண்றது கணக்குல சேராது" என்றார்.

வண்டி நகர்ந்தது. மாமா பூவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெளியூர்க்காரர்களோடு சேர்ந்து எங்களுக்குக் கைதட்டினார்.