செம்மண்ணில் ஊற்றிய இரண்டு கான் தண்ணீர்

இந்த மெல்பேணில் வீட்டுக்குள் ஏறுமுன் கால் கழுவ ஒரு வீட்டிலும் வசதி கிடையாது. என் வீட்டில் உண்டு. முன்வாசலில் சீமெந்துத் தளம் போட்டு, பைப் இழுத்து, கழுவிய தண்ணீர் ரோசாச் செடிக்கு ஓட வாய்க்காலும் வெட்டியிருக்கிறேன். நான் வேலையால் வந்து கால் கழுவும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா வேலிக்கு மேலால் எட்டி, "ஃபீட் பெட்டர்?" என்று கேட்பார். காலில் ஏதோ வருத்தம் என்று அவருக்கு எண்ணம். ஒருநாள் களிம்புக் குப்பியும் கொண்டுவந்து தந்தார். இல்லையென்று விளங்கப்படுத்த இங்கிலீசு போதாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட மேசன் நான். கார்த் தொழிற்சாலையில் கிழமை முழுக்க நின்றுவிட்டு, சனி ஞாயிறுகளில் என் வீட்டை நானே கட்டி முடித்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு மண்டபம் வேண்டுமென்று படித்தவர்கள் கூட்டம் கூடிப் பேசிக்கொண்டேயிருக்க, பழைய கராஜ் ஒன்றை இடித்து மண்டபம் ஆக்கியது நான். மேடை, சமைக்கக் குசினி, சாமிப்படம் வைக்கும் மாடம் எல்லாம் இந்தக் கை செய்தது. கவுன்சிலில் இருந்து குற்றம் பிடிக்க வந்தவனே "குட் வேர்க்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது மண்டபத் திறப்புக்குச் சங்கம் சிறப்பு மலர் போடுகிறது. அச்சுக்குப் போகுமுன் செயலாளர் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினார். என் பெயர் ஏழு இடத்தில் வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். கடைசியில், 'தண்ணீரை மறந்த மாஸ்டர்' என்று ஒரு பகிடிக் குறிப்பு. அதைக் கேட்டதும் என் மனைவி தங்கம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். ஏன் போனாள் என்று ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கும், இங்கே சிரிக்கப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், கிறிஸ்மஸுக்குத் தொழிற்சாலை பூட்டிய லீவில், பாலைவனம் பார்க்க என் காரில் நாலு பேர் புறப்பட்டோம். நான், தங்கம், இராசநாயகம் மாஸ்டர், அவர் மனைவி. மாஸ்டர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே என் பக்கத்தில் நின்று கார்க்கதவுக்குப் பிடி பூட்டினார். அந்த வேலையும் நான் பிடித்துக் கொடுத்ததுதான்.

முதலில் அடிலெயிட். சந்தையால் பேர் பெற்ற பழைய நகரம். செங்கல் வளைவுக்குள் நுழைந்தால் கிரேக்கர் ஒலிவ் காயை வாளி வாளியாக வைத்திருக்கிறார்கள். இத்தாலிக்காரரின் கடைகளில் பாற்கட்டி சுரைக்காய் மாதிரித் தொங்குகிறது. ஒரு மூலையில் வெண்டிக்காயைக் கண்டதும் தங்கம் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். கிட்டவுள்ள ஒழுங்கை ஒன்றில், அந்தக் காலத்தில் பாலைவனத்துக்குள் சாமான் ஏற்றிப்போன ஒட்டகக்காரர்கள் கட்டிய பள்ளிவாசல். நாலு கோபுரமும் குத்துக்கல்லாக நிற்கின்றன. நல்ல மேசன் வேலை. கட்டியவன் பெயரை எங்கும் காணவில்லை.

இரும்புச் சாமான் கடையில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர், நாங்கள் வடக்கே போகிறோம் என்று அறிந்து, "வோட்டர், மேட். டபிள்" என்று இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு தண்ணீர்க் கான் விற்கத்தான் இந்தக் கரிசனை என்று நான் நினைத்தேன்.

"யாழ்ப்பாணத்தானுக்குத் தண்ணி படிப்பிக்கிறார் பாரும் மாஸ்டர்! ஆறில்லாத ஊரில கல்லை உடைச்சுக் கிணறு வெட்டினவன் நான்."

"கிணத்தைக் கையோட கொண்டு வந்தனீங்களோ அண்ணை?" என்று சிரித்துக்கொண்டே மாஸ்டர் இரண்டு கானையும் வாங்கி நிரப்பினார்.

இரண்டு நாள் ஓட்டத்தில் வீடுகள் தீர்ந்தன. பிறகு மரங்கள் தீர்ந்தன. பிறகு தார் ரோட்டும் தீர்ந்தது. அதற்கப்பால் செம்மண். ஊரில் சுன்னாகத்துத் தோட்டத்தில் உழுதுவிட்ட நிலம் மாதிரி, கண் எட்டிய மட்டும் சிவப்பு. மத்தியானம் ஒற்றை மரத்தடியில் காரை நிறுத்தி இறங்கினேன். அந்த மண்ணில் காலை வைத்ததும் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பது எனக்கு மறந்துபோனது. கானைத் தூக்கி முகம், கை, கால் எல்லாம் கழுவினேன். மற்ற மூவரையும் கழுவச் சொல்லி நானே ஊற்றினேன். புட்டும் வெண்டிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டு முடிய, மற்றக் கானையும் திறந்து கோப்பைகளை அலசினேன்.

"அண்ணை, பாத்து ஊத்துங்கோ. இன்னும் தூரம் கிடக்கு."

"கால் கழுவாமல் சாப்பிட நாங்கள் என்ன வெள்ளைக்காரரே? நீர் கணக்கைப் பாரும். காரை நான் பாக்கிறன்."

அரை மணித்தியாலம் ஓடியிருப்போம். ரேடியேட்டர் குழாய் வெடித்து ஆவி சீறியது. குழாயைத் துணியால் கட்டினேன். கார் செய்கிறவனுக்கு அது பெரிய வேலையா? ஊற்றத்தான் தண்ணீர் இல்லை; இரண்டு கானும் மரத்தடியிலேயே காலி. மாஸ்டரின் மனைவி கார் நிழலில் படுத்தவர், பின்னேரமாக ஆக, கூப்பிட்டாலும் பேசவில்லை. பொழுது சாய ஒரு லொறி வந்தது. சாரதி அவவின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கண் திறக்கப் பண்ணினான். பிறகு வெறுங்கான் இரண்டையும் காலால் உதைத்து, இந்தத் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்று கத்தினான்.

என் விரல் மாஸ்டரைக் காட்டியது.

மாஸ்டர் என்னை ஒருதரம் பார்த்தார். "யெஸ். மை மிஸ்டேக்" என்றார்.

அதோடு விட்டேனா? மெல்பேணில் கதையை நானே பரப்பினேன். கொண்டாட்டங்களில் மாஸ்டர் படியேறினால், "மாஸ்டர், தண்ணி கொண்டு வந்தனீங்களோ?" என்று ஒருவர் தொடங்க மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பிறகு மெல்பேண் குளிர் ஒத்துவரவில்லை என்று சிட்னியில் செவன் ஹில்ஸ் பக்கம் போய்விட்டார். புறப்படுமுன் சொல்லிப்போக வந்தவர் என் சீமெந்துத் தளத்தில் கால் கழுவினார். ஒரு சொட்டும் விழாமல் பைப்பை இறுக்கிப் பூட்டினார். "போட்டு வாறன் அண்ணை" என்றார். இன்னும் வரவில்லை. திறப்புவிழாவுக்கும் வர வசதிப்படாது என்று எழுதியிருக்கிறார்.

செயலாளர் போன பிறகு தங்கம் குசினிக்குள் நின்றபடியே கேட்டாள்: "எல்லாத்துக்கும் நான் நான் எண்டு முன்னுக்கு நிக்கிறியள். இதுக்கு மட்டும் ஏன் மாஸ்டர்?"

இப்போதெல்லாம் கால் கழுவும்போது தண்ணீர் சிவந்து ஓடுவதுபோல இருக்கிறது. சுன்னாகத்து மண்ணா, அந்தப் பாலை மண்ணா என்று எனக்கே பிடிபடவில்லை.

ஆகவே சங்கத்தாருக்குச் சொல்கிறேன். என் பெயர் வரும் ஏழு இடத்தில் ஒன்றையும் எடுக்கக் கூடாது. அதெல்லாம் நான் செய்தவை. எட்டாவது இடத்தையும் எனக்குத் தர வேண்டும். தண்ணீரை வாங்கி நிரப்பியவர் இராசநாயகம் மாஸ்டர். ஊற்றிக் கொட்டியவர் மேசன் வே. கந்தப்பு. முதலெழுத்தோடு, மண்டபம் கட்டியதற்குப் போட்ட அதே பெரிய எழுத்தில் போடுங்கள். அச்சடித்த முதல் பிரதி செவன் ஹில்ஸுக்குப் போகட்டும்.